சன்செட் கடற்கரைக்கு எந்தப் பலகை?

பெரிய அலைகளின்மீது நின்றபடியே துடுப்புப் போட்டுச் சறுக்க விரும்புகிறவர் பலகை வாங்கப் புறப்படும்போது, அது அலையைச் சுலபமாகப் பிடிக்குமா என்றே முதலில் விசாரிக்கிறார். ஆனால் ஹவாய்த் தீவுகளில் ஓவாஹூவின் வடகரையிலுள்ள சன்செட் கடற்கரையைப் போன்றதோர் இடத்தை உத்தேசித்துப் பலகை தேடுகிறவர் அதற்கு முன்பாகவே கேட்டுத் தெளியவேண்டிய விஷயம், அலையைப் பிடித்து இறங்கிய அடுத்த சில விநாடிகளில் பலகையின் வால்பகுதி தண்ணீரைக் கவ்வி நிற்குமா, வழுக்கிப் போகுமா என்பதே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இந்த விளையாட்டு வளர்ந்த விதமே வாங்குகிறவர்களின் மனத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டிருக்கிறது. வைக்கீக்கிக் கடற்கரையில் பயணிகளுக்கு அலைச்சறுக்குக் கற்பித்தவர்கள் பெரிய பலகைகளில் துடுப்புடன் நின்று பழகிய வழக்கத்தை, லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற மாவித் தீவின் வீரர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுப்பித்தபோது, அவர்கள் கையாண்டவையும் நீளமும் அகலமும் மிகுந்த பலகைகளாகவே இருந்தன. 2010-இல் உலகப் பட்டம் வென்ற கை லென்னியின் தலைமுறையினர் பலகையைக் குறுக்கியும் மெலித்தும் அலைமுகத்தில் கூர்மையாகத் திரும்பிக் காட்டிய பிறகுங்கூட, அகலம் என்றால் பத்திரம் என்ற எண்ணம் கடைகளை விட்டு அகலவில்லை.

சன்செட்டின் குணம் எத்தகையது? நவம்பர் முதல் பிப்ரவரி வரை வட பசிபிக்கில் எழும் புயல்கள் அனுப்பும் அலைகள் அங்கே ஒரே இடத்தில் வந்து உடைவதில்லை. முகடு இப்போது வடக்கே எழும், அடுத்த தடவை மேற்கே பலமாகத் திரண்டு வந்து, காத்திருப்பவரை வளைத்துக்கொள்ளும். படுத்துக் கைகளால் நீந்துகிறவரைக் காட்டிலும் நிற்கிறவருக்கு இங்கே மெய்யான ஓர் அனுகூலம் உண்டு: வரும் அலையைத் தொலைவிலேயே கண்டு, அது எழப்போகும் இடத்துக்கு முந்திச் செல்லலாம். அலையின் உயரத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு அவசியம். ஹவாய்க்காரர்கள் பழைய வழக்கப்படி பத்து அடி என்று சொல்லும் அலையின் முகம் ஏறக்குறைய இருபது அடி இருக்குமாதலால், அவர்கள் பேச்சை அப்படியே நம்பிப் பலகையின் அளவை நிர்ணயிப்பது அபாயகரமானது.

அத்தகைய அலை, அதாவது ஆறு மீட்டர் முகமுடையது, சுமார் எட்டு மீட்டர் ஆழத்தில் உடையத் தொடங்குகையில் மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. எவ்வளவு பலசாலியானாலும் துடுப்பினால் அந்த வேகத்தை எட்ட இயலாது. ஆகவே சரிவு செங்குத்தாவதற்கு முன்பே, முகடு மெல்லச் சாயும் கட்டத்திலேயே, அலைக்குள் நுழைந்துவிட வேண்டும். அதற்கு நீளம் வேண்டும். ஒன்பதரை அடி முதல் பத்தரை அடி வரை என்பது என் கணிப்பு.

நுழைந்த பிறகு நிலைமை மாறிவிடுகிறது. பலகை இப்போது அலையைவிட வேகமாக ஓடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அடிப்புறத்தில் நீர் தரும் உந்துதல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் பிரமாணம். வால் அகலமாக இருந்தால் அந்த உந்துதல் முழுவதையும் தன்மீது ஏற்று மேலே எழும்புகிறது. பலகையின் அடியில் வால்பக்கம் பொருத்திய ஃபின்கள் பாதி நீருக்கு வெளியே வருகின்றன. அடிவாரத்தில் திரும்புவதற்காக விளிம்பின்மீது பாரத்தைச் சாய்க்கும் அதே க்ஷணத்தில் பிடிப்பு விட்டுப் பின்பாகம் பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. ஊசிபோல் குறுகிய வாலோ, தாங்குவதற்கு இடம் குறைவாகையால் சற்று அமிழ்ந்தே செல்கிறது. அந்த அமிழ்வே அதன் பலம். அத்துடன் விளிம்பையும் கவனியுங்கள். பருத்து உருண்ட விளிம்பு எவ்வளவு அழுத்தினாலும் மேலே மிதந்து வருமேயன்றித் தண்ணீருக்குள் இறங்காது. பலகையின் கடைசி மூன்றிலொரு பங்கிலாவது விளிம்பு மெலிந்து, கீழ்முனை கூராக இருக்கவேண்டும். கடையில் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, விரலால் அந்த முனையைத் தடவிப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மூக்கின் வளைவு குறைவாயிருந்தால் பலகை விரைந்து ஓடும். ஆனால் செங்குத்தான இறக்கத்தில் மூக்கு நீரில் குத்திக்கொள்ளும். சன்செட்டுக்கு மிதமான வளைவே போதுமானது. லேசான பலகையை விரும்புவோர் பலர். ஆனால் காற்றினால் சலசலக்கும் அலைமுகத்தில் லேசானது துள்ளும், கனமானது அறுத்துக்கொண்டு செல்லும். பெரிய அலைக்குரிய பலகைகளில் கண்ணாடியிழையைக் கூடுதலாகப் படிய வைப்பது இதனால்தான். காற்றடைத்துக் கட்டும் பலகைகள் பாரத்தால் வளைந்துகொடுக்குமாதலால் இங்கே பிரயோசனப்படா.

இவ்வளவு சொன்ன பிறகும், மெலிந்த பலகையே எப்போதும் மேலானதென்று முடிவு கட்டிவிடலாகாது. ஏனெனில் அலைமேல் கழியும் நேரம் சொற்பம், கொந்தளிக்கும் நீரில் காத்து நிற்கும் நேரமோ அதிகம். 80 கிலோ எடையுள்ளவரை எடுத்துக்கொள்வோம். பலகையும் நனைந்த உடையும் சேர்ந்து மொத்தம் 92 கிலோ என்று வைத்தால், கடல்நீரில் மிதப்பதற்கு மட்டுமே சுமார் 90 லிட்டர் கன அளவு செலவாகிவிடும். அதற்கு மேல் எஞ்சுவதுதான் நின்று சமாளிப்பதற்கான சேமிப்பு. 30 லிட்டராவது மிஞ்சும்படி 120 லிட்டரை ஒட்டிய பலகையை, 28 அல்லது 29 அங்குல அகலத்தில் தேர்ந்தெடுப்பது விவேகம். இளங்காலை அமைதியில் சோதித்துப் பார்த்து மகிழ்வதில் பயனில்லை. காற்று ஏறிய பிற்பகலில், கால்கள் களைத்த பிறகும் எந்தப் பலகையில் நிற்க முடிகிறதோ, அதன் அகலத்துக்குக் கீழே போகவேண்டாம்.

ஃபின் மூன்றா நான்கா என்ற வாதம் ஓயாதது. அலைமுகத்தின் குறுக்கே நெடுந்தூரம் ஓடும் சன்செட்டில், வேகமும் பிடிப்பும் ஒருசேரத் தரும் நான்கையே நான் விரும்புகிறேன். துடுப்பு தட்டைநீர்ப் பயணத்துக்கானதைவிடக் குட்டையாக, தலைக்குச் சற்று மேல் எட்டினால் போதும்.

காலையும் பலகையையும் பிணைக்கும் லீஷ் கயிறு தடித்ததாகவும் பலகையின் நீளத்துக்குக் குறையாததாகவும் இருக்கவேண்டும். அது அறுந்தால் இத்தனை பெரிய பலகை அலையோடு பாய்ந்து வந்து, உட்பகுதியில் நீந்திக்கொண்டிருக்கும் வேறொருவரைத் தாக்கக்கூடும். அந்தப் பொறுப்பு வாங்குகிறவருடையது. தன் உயிரைக் காக்கவும் ஒரு சாதனம் உண்டு. 2010-இல் கலிஃபோர்னியாவின் மாவரிக்ஸில் நீருக்கடியில் நெடுநேரம் சிக்கி மீண்ட பெரிய அலைச்சறுக்கு வீரர் ஷேன் டோரியன், இழுத்தவுடன் காற்று நிரம்பும் உடை உருவாகக் காரணமாக இருந்தார். இன்று பெரிய அலைக்குச் செல்வோரிடையே அது சாதாரண வழக்கமாகிவிட்டது. பலகையும் துடுப்பும் கைவிட்டுப் போன நிலையில், சன்செட்டின் கடும் நீரோட்டத்தைக் கடந்து கரைவரை நீந்தி வர இயலாதவருக்கு, அவ்வுடை இருந்தாலும், நான் எந்த அளவுப் பலகையையும் சிபாரிசு செய்யமாட்டேன்.