இருட்டைக் கெடுக்காத மேசை

1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த ‘பேசிக்’ விதிநூல், பாத்திரமேற்று ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கானது, 64 பக்கம்தான். அந்த ஆட்டத்தை இணையத்தில் கூடி ஆடலாம் என்று கிளம்புகிறவர்கள், இருப்பதிலேயே பளபளப்பான மெய்நிகர் மேசையாகத் தேடுவார்கள். நானும் தேடினேன். திரையில் தீப்பந்தம் மினுங்கியது, நிழல் அசைந்தது, கதவைத் திறந்தால் அறை தானாக வெளிச்சமானது. இரண்டே ஆட்டத்தில் அலுத்துவிட்டது.

இந்த ஆட்டத்தின் ருசி இருட்டில் இருக்கிறது. நடத்துநர் (பேருந்துக்காரர் இல்லை, டஞ்சன் மாஸ்டர்) “வடக்கே முப்பது அடி, இடப்பக்கம் ஒரு கதவு” என்று வாயால் சொல்வார். ஆட்டக்காரர்களில் ஒருவர் அதைக் கட்டம்போட்ட தாளில் வரைவார். தப்பாக வரைந்தால் எல்லோரும் வழி தவறுவார்கள். அதில்தான் பாதிச் சிரிப்பும் பாதிப் பயமும். திரையே வரைபடத்தைத் திறந்து காட்டிவிட்டால் வரைகிறவருக்கு என்ன வேலை?

நேரத்தையும் கவனியுங்கள். ஒரு ‘டர்ன்’ என்பது பத்து நிமிடம். ஒரு தீப்பந்தம் ஆறு டர்ன் எரியும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை நடத்துநர் பகடை போடுவார். 1 விழுந்தால் ஏதோ ஒன்று உங்களை நோக்கி வருகிறது. வருவது எப்போதும் உடனே பாய்ந்துவிடாது. இரண்டு பகடை உருட்டி அதன் மனநிலையைப் பார்க்க வேண்டும்: 2 என்றால் தாக்குதல், 12 என்றால் நட்பு, நடுவில் பேரம் பேச இடமுண்டு. அந்தப் பேச்சை எந்த மென்பொருளும் நடத்தித் தராது.

மேசையைச் சோதிக்க நான் வைத்திருக்கும் உரைகல் கவச எண். புதிய பதிப்புகளில் அது கூடக்கூடப் பாதுகாப்பு. பழையதில் தலைகீழ்: கவசமே இல்லாதவருக்கு 9, தகட்டுக் கவசமும் கேடயமும் உள்ளவருக்கு 2. இந்தக் கணக்கை ஏற்காத பாத்திரத் தாளோடு இரவெல்லாம் மல்லுக்கட்ட நேரும்.

மெய்நிகர் மேசைகளில் ரோல்20 உலாவியிலேயே ஓடும், காசில்லாமல் தொடங்கலாம். மேப்டூல் இலவசம், மேக்ரோ எழுதப் பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்றது. ஃபவுண்ட்ரிக்கு நடத்துநர் ஒருவர் ஒருமுறை பணம் கட்டினால் போதும், மற்றவர்கள் உலாவி வழியே வந்து உட்காரலாம். மோல்ட்வே காலத்து விதிகளைச் சீராக்கித் தந்த ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸுக்கான தொகுதியும் அதில் கிடைக்கிறது. நெடுநாள் ஆடப்போகிறவர்களுக்கு என் ஓட்டு ஃபவுண்ட்ரிக்குத்தான், ஒளி வித்தைகளை அணைத்துவைத்தால்.

முதல் இரவுக்கு அதுகூட வேண்டாம். வெற்றுக் கட்டம், வரைய ஒரு பேனா, பகடை, நண்பர்களின் குரல் போதும். பேனா யார் கையில் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். பந்தம் கொளுத்தியபின் அந்த வாக்குவாதம் தொடங்கினால் ஒரு டர்ன் போய்விடும்.