இரண்டு ஸ்டிக், இரண்டு உடல்: பைக் பந்தய சிமுலேட்டரை ரசிப்பது எப்படி?

கார் பந்தய சிமுலேட்டரில் ஓட்டுபவர் இருக்கையோடு பெல்ட் போட்டுக் கட்டப்பட்டவர். அவருடைய எடை காரின் எடைக்குள் அடங்கிவிடும். பைக்கில் கதை வேறு. 1000 சிசி மோட்டோஜிபி வண்டிக்கு விதி வகுத்த குறைந்தபட்ச எடை 157 கிலோ. அதன்மேல் தோல் உடையும் ஹெல்மெட்டுமாக ஏறி உட்காரும் ரைடர், மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பங்கு முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே பைக் சிமுலேட்டரில் ஓடுவது ஒரு வாகனம் மட்டுமில்லை, ஒன்றையொன்று சமன்செய்யும் இரண்டு உடல்கள். ரைடரின் உடலைத் தானியங்கிக்கு விட்டுவிட்டு ஆடுகிறவர்கள் இதில் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மறுபாதியைப் பார்க்க விரும்புகிறவர் கேம்பேடின் அமைப்புப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் இடது கட்டைவிரல் என்ன செய்கிறது என்று தெளிவாக வேண்டும். இத்தாலியின் பிபோசோ உருவாக்கிய ஜிபி பைக்ஸ் என்ற சிமுலேட்டரை எடுத்துக்கொள்வோம். அதில் இடது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் ஹேண்டில்பார் வலப்பக்கம் திரும்புவதில்லை. 'இவ்வளவு சாய வேண்டும்' என்ற விருப்பம் மட்டுமே போகிறது. அதை நிறைவேற்றுவது கேமுக்குள் இருக்கும் ரைடர். வேகமாகப் போகும் பைக்கை வலப்புறம் சாய்க்க ஹேண்டில்பாரை ஒரு கணம் இடப்புறம் தள்ள வேண்டும். கவுன்ட்டர்ஸ்டீரிங் என்று பைக் ஓட்டிகள் சொல்வது இதைத்தான். யானையின் காதுக்குப் பின்னால் பாகனின் கால்விரல் சொல்வதும் யானை நடப்பதும் எப்படித் தனித்தனி வேலைகளோ, அப்படித்தான் கட்டைவிரலும் அந்த ரைடரும். விருப்பத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவே இருக்கும் சிறு தாமதத்தைப் பலர் கேமின் குறை என்கிறார்கள். சுழலும் சக்கரங்களும் வண்டியும் ரைடரும் சேர்ந்த எடையும் சாய்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அதைக் கணக்கில் வைத்து வளைவுக்குச் சற்று முன்பே கேட்கப் பழகும்போதுதான் வண்டியின் கனம் விரலுக்குத் தெரியவரும்.

வலது ஸ்டிக் இரண்டாவது உடலுக்கு. இங்கே இயற்பியல் எளியது. ரைடரின் எடைமையம் 15 செ.மீ. உள்பக்கம் நகர்ந்தால், அவர் மூன்றில் ஒரு பங்கு என்பதால், மொத்த எடைமையம் சுமார் 5 செ.மீ. உள்ளே வரும். அதே வேகத்தில் அதே வளைவை வண்டி சில டிகிரி குறைவாகச் சாய்ந்தே கடந்துவிடும். டயரின் விளிம்பில் கொஞ்சம் இருப்பு மிஞ்சும். இதை நிதானமாகப் பார்க்க இத்தாலியின் முஜெல்லோ களம் நல்ல இடம். மணிக்கு 350 கி.மீ.க்கு மேல் வரும் வண்டி, நேர்பாதை முடிவில் சான் டொனாட்டோ என்ற வலது வளைவுக்காக 100 கி.மீ. அளவுக்கு இறங்க வேண்டும். முன்பிரேக் பிடித்ததும் எடை முன்னால் பாய்ந்து பின்சக்கரம் தரையை விடப் பார்க்கும். வலது ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுங்கள். ரைடர் இருக்கையின் பின்பக்கம் நகர, சக்கரம் அடங்கும். வண்டி இன்னும் நிமிர்ந்திருக்கும்போதே ஸ்டிக்கை வலப்பக்கம் கொண்டுவந்து உடலை முன்கூட்டியே இறக்குங்கள். பிறகே இடது ஸ்டிக்கில் சாய்வைக் கேளுங்கள். சாய்வு கூடக்கூட பிரேக் ட்ரிகரை மெல்ல விடுங்கள், டயரின் பிடிமானம் பிரேக்குக்கும் திரும்புவதற்கும் பங்கு போக வேண்டும். அடுத்து லூக்கோ இடது, போஜோ செக்கோ வலது. உடல் இடப்பக்கமே தங்கிவிட்டால் வலது வளைவில் வண்டி கூடுதலாகச் சாய்ந்து அந்தத் தாமதத்துக்கு விலை கொடுக்கும். ரீப்ளேயில் இந்த மூன்று வளைவுகளை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள். உடல் முதலில், வண்டி அடுத்து என்ற வரிசை கண்ணுக்குத் தெரியும்.

இந்த நுணுக்கம் கைக்கு வர கேம்பேட் ஒத்துழைக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்இன்புட் முறையில் ஸ்டிக் ஒரு திசையில் 32,767 படிகள் வரை போகும். அதன் ஆவணம் பரிந்துரைக்கும் டெட்ஸோன் இடது ஸ்டிக்குக்கு 7,849, வலதுக்கு 8,689. அதாவது முதல் கால்பங்கு அசைவு எங்கும் போய்ச் சேராது. ஸ்டிக்கை விட்டதும் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்காத எல்லைவரை இதைக் குறைத்துக்கொள்ளலாம். அடுத்தது லீனியாரிட்டி, அதாவது ஸ்டிக்கின் அசைவுக்கும் கேமின் பதிலுக்கும் உள்ள விகிதம். கார் கேம்களில் நடுப்பகுதியை மென்மையாக்கும் வளைகோடு நல்லதென்பார்கள். பைக்கில் இடது ஸ்டிக் வளைவு முழுவதும் ஓரத்தருகேதான் நிற்கிறது. நடுவில் மென்மையாக்கினால் ஓரம் துள்ளும், 50 டிகிரிச் சாய்வில் ஒரு டிகிரி திருத்துவது சிரமமாகும். ஆகவே இடது ஸ்டிக்கை நேர்கோட்டுக்கு அருகில் வையுங்கள். உடலை நகர்த்தும் வலதுக்கு வேண்டுமானால் சற்று மென்மை கொடுக்கலாம். விரலின் திடீர் அசைவுகளை மழுக்கும் ஸ்மூத்திங்கை முடிந்தவரை குறையுங்கள். அது சேர்க்கும் செயற்கைத் தாமதம், வண்டியின் இயல்பான கனத்தை மறைத்துவிடும். கியரை ட்ரிகருக்கு மேலிருக்கும் தோள் பொத்தான்களுக்கு மாற்றிவிட்டால் வலது கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு எழ வேண்டியதில்லை. ரைடரின் உடலை நகர்த்தும் தானியங்கி உதவிகளை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். முதலில் முன்-பின் அசைவைக் கையில் எடுத்து, அது பழகியபின் இட-வலச் சாய்வுக்கு வாருங்கள்.

கட்டைவிரலால் பைக் ஓட்டுவதில் என்ன மெய்ம்மை, உடம்பைச் சாய்த்து ஆடும் இயந்திரம் அல்லவா சரி என்று கேட்கலாம். 1985இல் சேகாவுக்காக யூ சுசூகி வடிவமைத்த ஹேங்-ஆன் அப்படித்தான் இருந்தது. பைக் வடிவப் பெட்டியில் ஏறி அதையே சாய்க்க வேண்டும். அதன் உற்சாகம் மறுக்க முடியாதது. ஆனால் உண்மையான வளைவில் விசை ரைடரை இருக்கைக்குள் அழுத்துகிறது, பக்கவாட்டில் தள்ளுவதில்லை. நின்ற இடத்தில் சாயும் பெட்டியோ ஆளைக் கீழே இழுக்கிறது. கண் காண்பதற்கு நேர்மாறாக உடல் உணர்கிறது. கேம்பேட் அந்த விசையைத் தருவதில்லை, தருவதாகப் பாசாங்கும் செய்வதில்லை. அப்படியானால் ஹேண்டில்பாரையே நேரடியாக ஸ்டிக்கிடம் கொடுத்துவிடலாமே என்றும் கேட்கலாம். வேகத்தில் ரைடர் ஹேண்டில்பாரைத் திருப்புவதைவிட அழுத்துகிறார். அது திருப்பி அழுத்துவதை வைத்து அடுத்த அழுத்தத்தை முடிவுசெய்கிறார். அந்தப் பதில் ஸ்டிக்கின் ஸ்பிரிங்கில் வராது. எனவே நடுவில் ஒரு ரைடரை வைப்பது நேர்மையான தீர்வு.

வலுவான ஆட்சேபம் இன்னொன்று உண்டு: தானியங்கிச் சாய்வு தவறு செய்யாது, லேப் நேரமும் குறையும், பிறகு எதற்கு இந்தப் பாடு? நேரம் மட்டுமே குறி என்றால், தொடக்கத்தில் இந்த ஆட்சேபம் சரி. ஆனால் தானியங்கி எல்லா வளைவுக்கும் ஒரே இலக்கணத்தில் உடலை இறக்குகிறது. பிரேக்கில் எவ்வளவு நேரம் நிமிர்ந்திருப்பது, வளைவை விட்டு வெளியேறும்போது முன்சக்கரம் தூக்கினால் எப்போது முன்னே குனிவது என்பதெல்லாம் ஒவ்வொரு ரைடரின் கையெழுத்து. 2005 வாக்கில் பிரேக் பிடிக்கும்போது உள்பக்கக் காலை ஃபுட்பெக் என்ற கால்தாங்கியிலிருந்து எடுத்துத் தொங்கவிடத் தொடங்கினார் மோட்டோஜிபி ரைடர் வாலண்டினோ ரோஸி. பின்னர் மோட்டோஜிபி முழுவதும் அது பரவியது. உடலைத் தானே நகர்த்திப் பழகிய ஒருவர், தொலைக்காட்சியில் அந்தக் காலைப் பார்க்கும்போது அது அலங்காரமில்லை, எடையைப் பற்றிய ஒரு முடிவு என்று உடனே புரிந்துகொள்வார். சிமுலேட்டர் தரக்கூடிய உயர்ந்த பரிசு இந்தப் பார்வைதான். லேப் நேரம் அதன் பின்னால் தானே வரும்.