முதலாளியும் வளர்ந்துவிட்ட பையனும்

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' 1959-இல் நூலாக வெளிவந்தது. கைகூடாத காதலின் கதையாகவே நம்மில் பலர் அதனைப் படித்து வந்துள்ளோம். ஆயின், முதலாளிக்கும் அவரிடம் வளர்ந்த இளம் பணியாளுக்கும் இடையே எழுந்த தலைமுறை வழக்காகவும் அதனைப் படித்தல் வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த சிங்காரம், 1938-இல் இன்றைய இந்தோனேசியாவின் மேடான் நகருக்குச் சென்று வட்டிக்கடையில் பணிபுரிந்தவர். நம் பகுதியினர் கடல் கடந்து நடத்திய கடைகளின் ஏணியைக் கீழ்ப்படியில் நின்று கண்டவர். பெட்டியடிப் பையனாய் நுழைந்து, கணக்குக் கற்று, அடுத்தாளாகி, மேலாளாக உயர்வதே அங்கு முறை. பணிவும் பொறுமையுமே அங்கு மூலதனம்.

பினாங்கு முதலாளி வானாயீனா அம்முறையின் வார்ப்பு. அவரிடம் தொழில் பயின்ற செல்லையா, போர்க்காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். 1945-இல் போர் ஓய்கிறது. துப்பாக்கி ஏந்தியவன் இனி இத்தொழிலுக்கு உதவான் என்பது முதலாளியின் தீர்ப்பு. மகள் மரகதத்தை அவனுக்குக் கொடுக்கவும் அவர் மறுத்துவிடுகிறார்.

ஆசிரியர் முதலாளியைக் கொடியவராகத் தீட்டவில்லை. நூலின் சிறப்பே அதுதான். கொடுத்து வாங்கும் தொழிலில் நிதானம் இழந்தவன் கடையையே இழப்பான் என்னும் அச்சத்தில் நியாயம் உண்டு. எனினும், பையன் இழந்ததை எண்ணிப் பார்ப்பவர், அவன் பெற்றதை எண்ணிப் பார்க்கவில்லை. இடரில் கலங்காது முடிவெடுக்கக் கற்றுத் திரும்பியவனிடம் பழைய பெட்டியடிப் பையனையே தேடுகிறார். குறை ஒன்றும் சொல்வோம்: இவ்வழக்கில் கேளாமலே தீர்ப்புக்கு ஆளாகும் மரகதத்தின் உள்ளத்தை ஆசிரியர் இன்னும் விரித்துக் காட்டியிருக்கலாம்.

காரைக்குடிக் கடைவீதியில் பேரேட்டுடன் வளர்ந்த முதியவரும் கணினியில் கணக்கெழுதும் இளைஞரும் இன்று ஒரே கூரையின்கீழ் உழைக்கின்றனர். "பையன் முன்போல் இல்லை" என்னும் முறையீடு அங்கும் ஒலிக்கிறது. முன்போல் இல்லாமை எப்போதும் கெட்டுப்போனதன் அடையாளம் ஆகுமோ? வளர்ந்துவிட்டவனுக்கு வளர்ந்தவனுக்குரிய பொறுப்பைக் கொடுத்துப் பார்த்த பின்னரே அவனைக் குறித்துத் தீர்ப்பிடுதல் முறை. இளையோரும், முதியவரின் எச்சரிக்கையை அவமதிப்பு என்று கொள்ளாது, அது பட்டறிவின் குரல் என்று ஒருகணம் செவிமடுத்தல் நன்று. வானாயீனாவும் செல்லையாவும் இவ்விரண்டையும் செய்திருந்தால், ஒரு கடை நல்லதொரு மேலாளைப் பெற்றிருக்கும்.