வயருக்குள் ஓடும் காற்று

பட்டறைகளில் வழங்கும் விதி ஒன்றை இம்மாதம் உரைத்துப் பார்ப்போம். "ஆக்சிஜன் சென்சார் வயருக்கு ஈயம் வைக்காதே" என்பது அந்த விதி. சிலர் இதை வேதவாக்காகக் கொள்கின்றனர். சிலர், "நூறு வண்டிக்கு வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சிரிக்கின்றனர். ஏன் வைக்கக் கூடாது என்று கேட்டால் இரு தரப்பாரிடமும் விடை இல்லை. காரணம் தெரியாத விதியால் வரும் நட்டம் யாருக்கு? நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

வட சென்னை எஞ்சினோடு வளர்ந்த பகுதி. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆலையில் 1949-இல் ஆஸ்டின் கார்கள் பூட்டப்பட்டன. திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை 1955-இல் தோன்றியது. ஓசையைக் கேட்டே எஞ்சினின் நோயைச் சொல்லும் மெக்கானிக்குகளை இங்கே இன்றும் காணலாம். திருவொற்றியூரில் அப்படிப்பட்ட ஒரு சிறு பட்டறையில் கல்லூரி மாணவர் சிலர் குழாய்களை வெல்டிங் செய்து ஒரு சட்டம் கட்டி, பழைய கார் ஒன்றின் எஞ்சினை அதில் பொருத்தினர். சாலையில் ஓட்டுவதற்கு அன்று. வண்டியின் அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு எளிதில் இடந்தராது. மூடிய திடலில் ஓட்டிக் கற்பதே அவர்கள் நோக்கம்.

எஞ்சின் இடம் மாறியதால் புகைக்குழாயும் இடம் மாறியது. சென்சாரின் வயர் ஒரு முழம் போதவில்லை. மெக்கானிக் நான்கு வயர்களையும் வெட்டினார். இடையில் புது வயர் சேர்த்து ஈயம் வைத்தார். மேலே டேப் சுற்றி எபாக்சி பூசினார். இரண்டு வாரம் வண்டி நன்றாக ஓடியது. பிறகு கரும்புகை, பெட்ரோல் வாடை. புதுச் சென்சார் வாங்கி அதே முறையில் ஒட்டினர். மீண்டும் அதே கதை. "கம்ப்யூட்டர் போய்விட்டது, மாற்றுங்கள்" என்றார் மெக்கானிக். அதன் விலையோ மாணவர்கள் சேர்த்த பணத்தில் பாதிக்கு மேல்!

அவர் கைவேலையில் குறை காண முடியாது. ஈயப்பற்று வெள்ளி போல் மின்னியது. குறை அவர் கற்ற பாடத்தில் இருந்தது. "புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவி" என்றுதான் இதை எங்கும் சொல்லிக்கொடுக்கிறோம். இது பாதி உண்மை. அது அளப்பதில்லை, ஒப்பிடுகிறது.

1976-இல் பாஷ் நிறுவனத்தின் சென்சார் வால்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது. அதன் இதயம் சிர்கோனியா என்னும் பீங்கான். சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால் இப்பீங்கான் ஆக்சிஜன் அயனிகளுக்கு வழிவிடும். அதன் ஒரு முகத்தில் எஞ்சின் புகை. மறு முகத்தில் நாம் சுவாசிக்கும் வெளிக்காற்று. இரு பக்கத்து ஆக்சிஜனும் எத்தனை மடங்கு வேறுபடுகிறது என்பதைப் பொறுத்து மின்னழுத்தம் பிறக்கிறது. 600 டிகிரியில், ஒவ்வொரு பத்து மடங்கு வேறுபாட்டுக்கும் ஏறக்குறைய 0.043 வோல்ட் என்று நெர்ன்ஸ்ட் சமன்பாடு கூறுகிறது.

கணக்கிட்டுப் பாருங்கள். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். பெட்ரோல் குறைந்த கலவையின் புகையில் 1 சதவீதம் இருப்பதாகக் கொள்வோம். வேறுபாடு 21 மடங்கு, மின்னழுத்தம் 0.06 வோல்ட். பெட்ரோல் மிகுந்தால் புகையில் ஆக்சிஜன் அறவே அற்றுப்போகும். வேறுபாடு ஒன்றுக்குப் பின் பத்தொன்பது சுழியம் இட்ட அளவை எட்டும். அப்போது சுமார் 0.8 வோல்ட். நடுவே 0.45 வோல்ட்டை எல்லையாகக் கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற அளவைக் காக்கிறது.

அப்படியானால் அந்த வெளிக்காற்று சென்சாருக்குள் எவ்வழியே போகிறது? நீரும் சேறும் புகாதபடி சென்சாரின் உடல் மூடப்பட்டுள்ளது. பல வகைகளில் அதற்குள்ள ஒரே மூக்கு வயர்தான்! உறைக்குள் செப்பு இழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய சந்துகளின் வழியே காற்று ஊர்ந்து செல்கிறது. உருகிய ஈயம் அச்சந்துகளில் ஏறி உறைந்தால் மூக்கை அடைத்தது போலாகும். உள்ளே சூட்டில் எழும் ஆவிகள் எஞ்சிய ஆக்சிஜனையும் தின்றுவிட்டால் இரு பக்கமும் வெறுமை, மின்னழுத்தம் விழுந்துவிடும். கம்ப்யூட்டரோ "பெட்ரோல் போதவில்லை" என்று எண்ணி மேலும் மேலும் ஊற்றும். கரும்புகையின் காரணம் இதுவே.

"ஒன்றும் ஆகவில்லை" என்பவரின் அனுபவமும் பொய்யன்று. உள்ளிருக்கும் ஆக்சிஜன் 21-இலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தாலும் 0.043 வோல்ட்டைச் சற்று ஒட்டியே இழப்பு. ஆகவே கோளாறு உடனே தெரிவதில்லை. சில வகைச் சென்சார்கள் உடலிலுள்ள தனித் துளையாலும் சுவாசிக்கின்றன. அவற்றுக்கு ஈயம் இத்தீங்கைச் செய்யாது. விதி எங்கும் பொருந்துவதன்று. ஆனால் கையிலிருப்பது எவ்வகை என்று தெரியாதபோது அதை மதிப்பதே அறிவுடைமை.

மற்றொரு விளக்கத்தை மறுத்தாக வேண்டும். "வயர் நீண்டால் வோல்ட் குறையும்" என்பார் உண்டு. அரைச் சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் ஒரு மீட்டருக்கு 0.034 ஓம் தடைதான். சைகை வயரில் ஓடும் மின்னோட்டம் மிகமிகச் சிறிது. இழப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சூடேற்றும் கம்பிக்குச் செல்லும் இரு வயர்களில் ஏறத்தாழ ஒரு ஆம்பியர் ஓடுவதால், அவை மட்டும் மெலியாதிருக்க வேண்டும். நீளம் பகையன்று, அடைப்பும் களிம்பும்தான் பகை. கடலோரக் காற்றில் உப்பு மிகுதி. திறந்த இணைப்பில் செம்பு விரைவில் பச்சை பூக்கும். எங்கள் மாணவர்களின் வண்டியில் ஈயத்தோடு இதற்கும் பங்கிருந்திருக்கலாம்.

பின் செய்ய வேண்டியது என்ன? சென்சாரின் சொந்த வயரைத் தொடாதீர்கள். அதன் கனெக்டருக்குப் பொருந்தும் ஆண், பெண் கனெக்டர்களை வாங்கி, நடுவே ஓர் இணைப்பு வயர் செய்யுங்கள். முனைகளை ஈயமின்றிக் கிரிம்ப் கருவியால் நசுக்கி இறுக்குங்கள். கிரீசும் தெளிப்பு எண்ணெயும் வேண்டாம். நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். பாஷில் வெள்ளை வயர் சூடேற்றிக்குரியது, டென்சோவில் அதே வெள்ளை சைகையின் எர்த். ஐந்தாறு வயருள்ள அகல அலகுச் சென்சார்களில் கனெக்டரை வெட்டி எறியவே கூடாது. பலவற்றில் அதற்குள்தான் அளவைத் திருத்தும் மின்தடை இருக்கிறது. மாணவர்கள் புதுச் சென்சாரோடு இப்படியே செய்தார்கள். கம்ப்யூட்டரை மாற்றாமலே புகை நின்றது.

நம்பிக்கை வரவில்லையா? பல இழை கொண்ட தடித்த வயரில் ஒரு சாண் வெட்டுங்கள். ஒரு முனையை ரப்பர் குழாயால் சிரிஞ்சோடு இறுக இணைத்து, மறு முனையை நீரில் அமிழ்த்தி அழுத்துங்கள். சிறு குமிழிகள் வெளிவரும். அந்த முனைக்கு ஈயம் வைத்து மறுபடி செய்யுங்கள், குமிழி நின்றுவிடும்.

2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் மோட்டார் சைக்கிள்களிலும் இச்சென்சார் பரவிவிட்டது. அதைப் பழுதுபார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு "ஈயம் வைக்காதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வயருக்குள் காற்று ஓடுகிறது என்று சொல்லுங்கள். விதி மறந்தாலும் குமிழி மறக்காது.