சுவர் யாருக்குச் சொந்தம்?

இராசபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். வேறு எது இருக்கும், எது இராது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சுவரில் ஓர் ஆணி இருக்கும். ஆணியில் நாட்காட்டி தொங்கும். நாட்காட்டியின் மேலே, உருண்டைக் கன்னமும் ஒளிவீசும் முகமுமாகக் கடவுள் இருப்பார். காலடியில் கடைக்காரரின் பெயர் இருக்கும்.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே வந்தால் திருவில்லிபுத்தூர். 11 நிலை, 192 அடி உயரக் கோபுரம். அங்கும் சுவர் உண்டு, சிற்பம் உண்டு, வண்ணம் உண்டு. ஒன்று ஓலைக் குடிசையிலும் தொங்கும் காகிதம். மற்றொன்று வானளாவும் சுதை. இரண்டையும் இணைத்து எண்ணிப் பார்க்கும்படி நம்மைத் தூண்டும் வாழ்வு ஒன்று உண்டு. அது கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராசுவின் வாழ்வு.

"கடவுள் படம் வரைந்தவருக்குப் பகுத்தறிவு ஏட்டில் என்ன வேலை?" என்று தோழர்கள் சிலர் புருவத்தை நெரிப்பர். வேலை இருக்கிறது, தோழர்களே! தென்பாண்டிச் சீமையின் வீட்டுச் சுவர்களை ஒருவர் தூரிகையால் ஆண்டிருக்கிறார். அந்த ஆட்சி எப்படி வந்தது, எவருக்குப் பயன்பட்டது என்று ஆராயாமல் கண்ணை மூடிக்கொள்வது பக்தனின் வழக்கம். பகுத்தறிவாளனின் வழக்கம் அன்று.

கொண்டையராசு 1898இல் மயிலாப்பூரில் பிறந்தவர். 1850இல் தொடங்கப்பட்ட சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். வெள்ளைக்காரன் முறைப்படி ஒளியும் நிழலும், தொலைவும் அண்மையும் காட்டக் கற்றார். பிறகு திருவண்ணாமலை சென்று இரமணரின் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார். துறவு அவரைத் தக்கவைத்துக் கொள்ளவில்லை, நாடகம் அழைத்துக்கொண்டது. நாடகக் குழு ஒன்றுக்குக் காட்சித் திரை தீட்டும் ஓவியரானார். 1940களில் அக்குழு கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார்.

இந்த நாடகத் திரையைத்தான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். கொட்டகைக்காரர் மொழியில் அதற்குச் 'சீன்' என்று பெயர். தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன், நந்தவனச் சீன். சுவரளவு துணி, அதில் பசையோடு குழைத்த வண்ணம். அருகில் நின்று பார்க்க அது தீட்டப்படுவதில்லை. கடைசி வரிசையில் தரையில் குந்தியிருக்கும் உழவனுக்கும், மங்கிய விளக்கொளியில், அரண்மனை அரண்மனையாகத் தெரிய வேண்டும். ஆகவே கோடு உறுதியாக இருக்க வேண்டும். வண்ணம் துணிச்சலாக இருக்க வேண்டும். தூண்கள் இருபுறமும் நின்று நடுவிடத்தை நடிகனுக்கு விட்டுத்தர வேண்டும். சுருட்டினால் வண்டியில் ஏறும், விரித்தால் ஊரே கூடும். இப்படிப்பட்ட சுவரோவியம் அது! தீட்சிதர் திறந்துவிட வேண்டிய கதவு அதற்கு இல்லை. நுழைவுச் சீட்டு உண்டு, தீட்டு இல்லை.

கொண்டையராசுவின் நாட்காட்டிப் படங்களை இப்போது மறுபடி பாருங்கள். இருபுறமும் தூண், பின்னே தோட்டமோ மலையோ, நடுவே நம்மை நேருக்கு நேர் பார்த்து நிற்கும் தெய்வம். கருவறை இருட்டு எங்கே? இல்லை. அங்கே நிற்பது கொட்டகை மேடையில் ஒளி வாங்கி நிற்கும் நடிகனின் நிலை! நாடகக் கொட்டகைதான் கையகலக் காகிதமாகச் சுருங்கி வீட்டுக்குள் வந்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பலகை ஓவியத்தில் மரமும் துணியும் சுண்ணமும் கண்ணாடிக் கல்லும் பொன் தகடும் ஒன்று கலந்தன. அது மன்னனும் செல்வனும் வாங்கிய கலை. அந்தப் பொன் தகடு நாட்காட்டியில் மஞ்சள் மையாயிற்று. மஞ்சள் மை ஆனபடியால் ஏழைக்கும் எட்டிற்று.

எட்டவைத்த ஊர் சிவகாசி. அவ்வூரின் வரலாறு அறிந்தவர்க்கு இங்கே ஓர் உண்மை சுடும். கோயில் நுழைவை ஒட்டி எழுந்த பகையால் 1899இல் சிவகாசி எரிந்தது. கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழையக் கூடாது என்று, 1908இல், கடல் கடந்த இலண்டன் பிரிவி கவுன்சிலும் தீர்ப்புக் கூறிற்று. அவ்வாறு வாயிலில் நிறுத்தப்பட்ட சமுதாயத்தினர்தாம் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். பின்னர்க் கல்லச்சுக் கூடங்களை நிறுவினர். உள்ளே இருந்த கடவுளை வண்ணத்துக்கொரு கல்லாக அச்சேற்றி வெளியே அனுப்பினர். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939 சூலை 8ஆம் நாள். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். கதவு திறக்க நூற்றாண்டுக் கணக்கில் தயங்கிய கோயிலை, அச்சுப்பொறி கதவே இல்லாமல் செய்துவிட்டது!

இது புரட்சியா? பாதிப் புரட்சி என்போம். பூசாரியின் பூட்டு உடைந்தது, உண்மை. ஆனால் பூட்டுக்குள் இருந்தது அப்படியே வீட்டுக்குள் குடிபெயர்ந்தது. முன்பு ஆண்டுக்கொருமுறை கோயில் வாயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டவன், இப்போது நாள்தோறும் தேதி கிழிக்கும்போதெல்லாம் கும்பிடுகிறான். அடிமைத்தனத்திலிருந்து தீட்டு கழன்றது, அடிமைத்தனம் கழலவில்லை.

நம் குற்றச்சாட்டு இதுதான்: அந்த வல்லமை மிக்க தூரிகையின் புகழ் முழுவதையும் கடவுளர் வாங்கிக்கொண்டனர். 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவிய இரவிவர்மா காட்டிய வழியில், தெய்வமெல்லாம் சிவந்த மேனி, செழித்த கன்னம். கரிசல் மண்ணின் கருத்த முகத்துக்கு அந்தப் பொன் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. பருத்தி எடுக்கும் பெண் அந்த ஓவியக்கூடத்தின் வாயிலைக் கடந்து நடந்திருப்பாளே! அவள் கையில் தாமரை இல்லை, பருத்திதான் இருந்தது என்பதாலா அவள் படமாகவில்லை?

முடியாத செயலையா கேட்கிறோம்? மெக்சிக்கோவில் தீகோ ரிவேரா 1920களிலேயே அரசுக் கட்டடச் சுவர்களில் உழவனையும் தொழிலாளியையும் ஏற்றினார். கொண்டையராசு பயின்ற அதே சென்னைப் பள்ளிக்கு நெடுங்காலம் தலைவராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி, பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் நால்வரைச் சிலையாக்கினார். 1959 முதல் சென்னைக் கடற்கரையில் அது நிற்கிறது.

தமிழ்க் குடும்பமொன்றில், கேரளத்துக் கூத்துப்பறம்பில், 1924இல் பிறந்த கே.ஜி. சுப்பிரமணியனைப் பாருங்கள். விடுதலைப் போரில் சிறை சென்றார். 1944இல் சாந்திநிகேதன் சேர்ந்தார். 1959 முதல் ஈராண்டுக் காலம் கைத்தறி வாரியத்தில் பணிபுரிந்து நெசவாளர் கைத்திறனைக் கற்றார். மண், கண்ணாடி, துணி, மரம் எதையும் கலைக்குத் தாழ்ந்த பொருள் என்று அவர் ஒதுக்கவில்லை. 1963இல் இலக்குமணபுரி இரவீந்திராலயச் சுவரைச் சுட்ட மண்ணால் நிறைத்தார். 1971இல் வங்கதேசத்துக் கொலைக் கொடுமை கண்டு, பதக்கம் தாங்கிய படைத்தலைவர்களை அதே சுட்ட மண்ணில் நாணச் செய்தார். 2009இல், எண்பத்தைந்தாம் வயதில், சாந்திநிகேதனில் தம் கருப்பு வெள்ளைச் சுவரோவியத்தைப் புதிதாகத் தீட்டினார். அவரும் புராண உருவங்களைத் தொட்டவரே; ஆனால் கும்பிடத் தொடவில்லை, வினவத் தொட்டார்.

இப்படிச் சொல்லும்போதே மற்றோர் அநீதியையும் சொல்லாவிட்டால் நாம் நேர்மையற்றவராவோம். சுப்பிரமணியனுக்குப் பத்ம விபூசண் வரை வந்தது, காட்சிக்கூடங்கள் வந்தன, நூல்கள் வந்தன. கொண்டையராசுவின் கலையையோ 'கடைத்தெருப் படம்' என்று கலைவாணர் கூட்டம் நெடுங்காலம் முகஞ்சுளித்தது. கலையிலும் வருணாசிரமமா? எண்ணெய் வண்ணம் தலையில் பிறந்தது, அச்சு மை காலில் பிறந்ததா? கடவுளை மறுக்கும் நாம், கைவினைஞனை இகழும் அந்தக் கூட்டத்தோடு ஒருபோதும் சேர முடியாது.

அந்த மனிதரிடம் போற்றத்தக்கது ஒன்று உண்டு. மணம் செய்துகொள்ளாமல், மாணவர்களையே குடும்பமாகக் கொண்டு வாழ்ந்தார். கற்ற கலையை ஒளிக்கவில்லை. தி.சு. சுப்பையா போன்ற மாணவரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துப் படத்தில் பொறித்தார். ஏகலைவனிடம் கட்டைவிரல் கேட்ட குருவைப் போற்றும் நாட்டில், மாணவனின் விரலுக்கும் கையெழுத்துரிமை தந்த ஆசான்! 1976இல் அவர் மறைந்தார். அவர் வரைந்த தெய்வங்களை விட அந்த இரட்டைக் கையெழுத்து நமக்குப் பெரிது.

ஏனெனில், பெயர் மறைவதுதான் இந்நாட்டில் உழைப்புக்கு விதிக்கப்பட்ட தண்டனை. தமிழ்நாட்டு அரசு முத்திரையில் உள்ள கோபுரம் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அன்று, இன்று மதுரைக் கோபுரம் என்று வழக்காடுவாரும் உண்டு. எந்தக் கோபுரம் என்று சண்டையிடுவோரில் எத்தனை பேர், அதை வரைந்தவர் மதுரைக்காரரான ஓவியர் ஆர். கிருட்டிணராவ் என்று அறிவர்? அந்தக் கோபுரத்துக்குச் சுதை குழைத்த கொத்தனின் பெயரை அறிந்தவரோ எவருமில்லை.

என்ன செய்யலாம்? இராசபாளையத்தில், முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசாமி ராசா தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்தார். கலைக்கு வீடு தந்த ஊர் அது. அவ்வூரும் திருவில்லிபுத்தூரும் சேர்ந்து, மக்கும் நாடகத் திரைகளையும், கல்லச்சுக் கற்களையும், மூலப் படங்களையும் தேடிக் காக்க வேண்டும். கும்பிட அல்ல, கற்க! எந்தக் கோடு, எந்த வண்ணம், எந்த ஒளி, எழுத்தறியாதவனையும் கட்டி நிறுத்திற்று என்று நம் இளைஞர் கற்க வேண்டும். கற்றபின், பள்ளிச் சுவரில், நூலகச் சுவரில், தொழிற்சங்கச் சுவரில், ஆலைப் பெண்ணையும், சத்திரப்பட்டியில் கட்டுத்துணி நெய்பவரையும் தீட்ட வேண்டும். கணினி அச்சுப் பதாகை வந்து, தூரிகைக்காரர் பலரைத் தெருவில் நிறுத்திவிட்டது. அவர்களைத் தேடி அழைத்துக் கூலியும் கையெழுத்துரிமையும் தர வேண்டும்.

கோவில்பட்டியில் ஒரு சுப்பையா, ஆசானோடு சேர்ந்து கடவுளர்க்கு வண்ணம் தீட்டினார். தமிழகத்தின் தெருக்களில் மற்றொரு சுப்பையா, 'சுவரெழுத்து சுப்பையா', தார்ச் சட்டியும் கட்டையுமாகச் சென்று பெரியாரின் சொற்களைச் சுவர்களில் எழுதினார். ஒருவரிடம் வண்ணம் இருந்தது. மற்றவரிடம் வினா இருந்தது. அந்த வண்ணமும் இந்த வினாவும் ஒரே கையில் சேரவில்லை என்பதே நம் குறை.

சேர்க்கும் கை உங்களுடையதாகட்டும், தோழர்களே! சுவர் காத்திருக்கிறது.