சுடுகாட்டில் பிறந்தவன் தகப்பனான கதை

சீவக சிந்தாமணிக்கு ‘மணநூல்’ என்று ஒரு பெயர் உண்டு. சீவகன் எட்டுப் பெண்களை மணக்கிறான். 13 இலம்பகமும் கல்யாணச் சாப்பாடுதான் என்று கேலி பேசுவாரும் உண்டு. 1887-இல் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றிய நாள்முதல் நூலின் சொல்லழகைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. எனக்கு எழுவது வேறொரு கேள்வி. பிறந்த அன்றே பெற்றோரை இழந்தவன், தானொரு தகப்பன் ஆக எப்படித் துணிந்தான்?

சீவகனின் துன்பத்துக்கு மூலகாரணம் தகப்பன் சச்சந்தன்தான். மனைவி விசயையின் மையலில் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்தான். சொன்னவர் சொல் கேட்கவில்லை. நாடும் உயிரும் போயிற்று. மயிற்பொறியில் தப்பிய விசயை சுடுகாட்டில் பிள்ளை பெற்று, அங்கேயே விட்டு மறைந்தாள். இறந்த தன் குழந்தையோடு அங்கே வந்த வணிகன் கந்துக்கடன் சீவகனை எடுத்துப்போய், பிள்ளை பிழைத்துவிட்டது என்று மனைவி சுநந்தையிடம் கொடுத்தான். வளர்ந்த பிறகும் கட்டியங்காரன் கொல்லப் பார்த்தான், சுதஞ்சணன் காப்பாற்றினான்.

அந்த அலைச்சல் காலத்தில் சீவகன் பதுமையை மணந்து, சொல்லாமல் கொள்ளாமல் இரவில் போய்விடுகிறான். கேமசரியையும் அப்படியே. பிள்ளைப் பேறு வருவது நாடு மீண்ட பிறகுதான். காப்பியத்தில் அரசனுக்கு வாரிசு பிறப்பது வழக்கம்தானே, இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் பெயரைப் பாருங்கள்: சச்சந்தன், சுதஞ்சணன், கந்துக்கடன், கோவிந்தன்... பெற்றவன், காத்தவன், வளர்த்தவன், நாடு மீட்கத் துணைநின்ற மாமன்! தேவர் விளக்கம் ஏதும் சொல்லவில்லை. எனக்கு இது நன்றிக்கணக்காகப் படுகிறது. தவறிய தகப்பனையும் அந்தக் கணக்கிலிருந்து அடித்துவிடவில்லை.

பிற்பாடு ஒரு சோலையில் கடுவன் மந்திக்குக் கொடுத்த பலாப்பழத்தைக் காவற்காரன் பிடுங்குகிறான். பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரன், பிடுங்கியவன் நான் என்று சீவகன் உணர்கிறான். தான் பட்டதை மட்டும் எண்ணாமல், தான் செய்ததையும் எண்ணுகிறான். மகனுக்கு முடிசூட்டிவிட்டுத் துறக்கிறான்.

நூலில் எனக்கொரு குறையும் உண்டு. பிள்ளை பெற்ற எட்டுப் பெண்களின் விருப்பம் என்ன என்று தேவர் கேட்கவே இல்லை. இன்றைக்கு அதைக் கேட்காமல் முடியாது.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர், “நான் சின்ன வயசுல பட்டது போதும், எனக்குப் பிள்ளை வேண்டாம்” என்கிறார்கள். உடனே நாம் வம்சம், பேர் என்று ஆரம்பித்துவிடுகிறோம். சமண நெறியில் இல்லறமும் அறம், துறவும் அறம். யாரையும் எதிலும் பிடித்துத் தள்ளச் சொல்லவில்லை. சீவகனைத் தகப்பனாக்கியது உபதேசம் அல்ல. ஒரு வியாபாரி அவனை வாரி எடுத்து, மகனே என்றான்; அதுதான். பேரன் வேண்டும் என்று கேட்கிற நாம், இருக்கிற பிள்ளைக்கு முதலில் கந்துக்கடனாக இருப்போம். அப்புறம் அவர்கள் எடுக்கிற முடிவு எதுவானாலும் சரி, அது அவர்களுடையது.