அயலார் விண்கலப் பெயர்கள்: ஒரு மொழியியல் திறனாய்வு

0. முன்னுரை

விண்வெளிப் புனைகதை தமிழ்த் திறனாய்வாளர்களின் கவனத்தை மிகுதியாகப் பெற்ற துறையன்று. எனினும் மொழியியலார் ஆராயத்தக்க சிக்கல் ஒன்று அதில் உண்டு. வேற்றுலகப் பேரரசு ஒன்றைப் படைக்கும் ஆசிரியர் அதன் கலங்களுக்குப் பெயரிட வேண்டியவராகிறார். அயலாரின் பெயர் அயன்மை உடையதாக ஒலிக்க வேண்டும். ஆனால் அதனை ஆக்குபவரும் கேட்பவரும் மனிதர்களே. இவ்விரு நெருக்கடிகளுக்கும் இடையே பெயர் பிறக்கிறது.

1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' என்னும் புனைவுலகில் கிளிங்கான் பேரரசு 1967இல் அறிமுகமாயிற்று. அப்பேரரசின் கலப்பெயர்களை இக்கட்டுரை முதன்மைச் சான்றாகக் கொள்கிறது. தமிழ் இலக்கியம் அறிந்த புட்பக விமானமும் மயிற்பொறியும் ஒப்பீட்டுக்கு உரியன. ஒரு சொல்லின் அயன்மை அதன் பிறப்பிடத்தைப் பொறுத்ததன்று, ஏற்கும் மொழியின் அமைப்புக்குள் அது இடம்பெறும் முறையைப் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். திருவனந்தபுரத்தில் உருவாகி 2024இல் பெயர் பெற்ற ஓர் ஊர்தி இக்கருதுகோளுக்கு உரைகல்லாக அமைகிறது.

1. அயன்மையை ஒலியால் ஆக்குதல்

1979ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் கிளிங்கான்கள் பேசியவை சில தொடர்களே. 1984இல் வெளிவந்த மூன்றாம் படத்திற்காக மார்க் ஓக்ராண்டு என்னும் மொழியியலார் அதற்கு முழுமையான இலக்கணம் வகுத்தார். 1985இல் அகராதியும் வெளியிட்டார். கலிபோர்னியாவில் வழக்கொழிந்த முட்சுன் என்னும் பழங்குடி மொழியை ஆராய்ந்து பட்டம் பெற்றவர் அவர். ஆகவே ஆங்கிலச் செவிக்கு எது அயன்மையாகப் படும் என்பதை அவர் கணக்கிட்டே செய்தார். செயப்படுபொருள், வினை, எழுவாய் என்னும் அரிய தொடர் வரிசையை அவர் தேர்ந்ததும் இந்நோக்கத்தாலேயே.

கிளிங்கான் மொழியில் கலத்தைக் குறிக்கும் சொல் 'டுஜ்' என்பது. இதன் முதலொலி ஆங்கிலத்தில் இல்லாத ஒலிப்புடை வளைநா ஒலி. இதற்கு இணையாக வளைநாவில் ஒலிப்பிலா ஒலி ஒன்று இருத்தல் பல மொழிகளின் இயல்பு. கிளிங்கானிலோ அவ்விடத்தில் வளைநா அல்லாத ஒலியே உள்ளது. ஒலிகள் இயற்கையானவை, அவை சேர்ந்த சேர்க்கையே செயற்கையானது.

ஆங்கிலேயர்க்கு வேற்றுலக ஒலியாகப் படுவது நமக்கு 'வண்டி', 'கூண்டு' என்னும் சொற்களில் நாள்தோறும் ஒலிக்கும் டகரமே. ஆயினும் 'டுஜ்' தமிழ்ச் செவிக்கும் அயற்சொல்லாகவே படுகிறது. காரணம் ஒலியன்று, ஒலி நின்ற இடம். மொழிமுதலில் வாரா எழுத்துகளுள் டகரமும் ஒன்று என்பதைத் தொல்காப்பிய மொழிமரபால் அறிகிறோம். மொழியிறுதியில் வல்லின மெய் நில்லாது என்பதும் அவ்வாறே. 'டம்பம்' என்பதை 'இடம்பம்' எனவும் வழங்கியது இவ்விதி பற்றியே. நமக்கு உரிமையான ஒலி, நம் மொழி தடைசெய்த இடத்தில் நிற்பதாலேயே அயலதாகிறது. அயன்மை என்பது பொருளில் இல்லை, இடத்தில் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2. மேற்கீற்றின் போலித்தன்மை

கிளிங்கான் கலவகைகளுள் ஒன்றன் பெயரைத் தொலைக்காட்சிக் கதையாசிரியர்கள் 'ப்'ரெல்' என எழுதினர். முதல் மெய்யை அடுத்து ஒரு மேற்கீற்றை இடுதல் ஆங்கிலப் புனைகதையில் அயலார் பெயருக்குரிய அடையாளமாகவே ஆகிவிட்டது. ஓக்ராண்டின் எழுத்துமுறையில் மேற்கீற்று ஒரு குறிப்பிட்ட ஒலியை, அதாவது குரல்வளை அடைப்பொலியைக் குறிக்கும். கதையாசிரியர்கள் இட்ட கீற்றோ எவ்வொலியையும் குறிப்பதன்று. அது கண்ணுக்காக இட்ட பூச்சு. அயலாரின் மொழியைக் கல்லாமலே அயலார் பெயரை எழுதிவிடலாம் என்னும் எண்ணத்தின் விளைவு அது. இப்பெயர்களின் பெருங்குறை இதுவே.

இக்குறையைக் கிளிங்கான் இலக்கணமே திருத்திய முறை வியப்பளிப்பது. கிளிங்கான் மொழியில் சொல்முதலில் மெய்ம்மயக்கம் வாராது. எனவே ஓக்ராண்டு அப்பெயரைக் கிளிங்கானில் எழுதியபோது இரு மெய்களுக்கிடையே இகரத்தைப் பெய்து 'பிரெல்' என்றாக்கினார். இதே பெயரைத் தமிழ் மரபறிந்த ஒருவர் எழுதினும் 'பிரெல்' என்றே எழுதுவார். பிரபந்தம், விரதம், கிரமம் என்பவை தமிழுக்கு வந்த வழி இதுவேயன்றோ? வடசொல்லை ஏற்கும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருத்துக என்னும் தொல்காப்பியர் கொள்கையும், கற்பனைப் பேரரசின் மொழிக்கு இலக்கணம் வகுத்தவரின் செயலும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. தனக்கென இலக்கணம் உடைய எம்மொழியும் வந்த சொல்லைத் தன் வாயிலுக்கேற்பக் குனிந்து வரச் செய்யும். குனிய வைக்காத மொழி, கற்பனை மொழியாயினும், உயிருள்ளதாகத் தோன்றுவதில்லை.

3. பறவையும் ஊர்தியும்: தொகையமைப்பு

பொருள் விளங்கும் பெயர்கள் இரண்டாம் வகையின. கிளிங்கான் கலங்களுள் பெரிதும் அறியப்பட்டது 'இரைகொல் பறவை' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் பெற்றது. கிளிங்கானில் அது 'தொக்டுஜ்'. 'தொக்' என்பது வல்லூறு போன்றதொரு பறவை, 'டுஜ்' கலம். அடை முன்னும் தலைமைச்சொல் பின்னுமாக வரும் இவ்வமைப்பு தமிழ்த் தொகையமைப்போடு ஒத்தது. இப்பெயர் முதலில் கிளிங்கான்களுக்கு உரியதன்று என்பதும் குறிப்பிடத்தக்கது. 1966இல் ரோமுலர் என்னும் மற்றோர் அயலார் பேரரசின் கலத்துக்கு, அதன் அடிப்புறத்தில் தீட்டப்பட்டிருந்த பறவை ஓவியம் பற்றி இப்பெயர் அமைந்தது. 1984இல் அது கிளிங்கான்களுக்கு மாறியது. அப்போது ஓவியம் இல்லை. கலத்தின் சிறகமைப்பே பெயருக்குக் காரணமாயிற்று.

இப்பெயரைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு சுவையானது. 'புள்ளூர்தி' என்றால் நம் மரபில் திருமாலைக் குறிக்கும். 'மயிலூர்தி' என்றால் முருகனை. பறவைப்பெயரோடு 'ஊர்தி' சேர்ந்தால் 'அதனை ஊர்தியாக உடையவன்' என அன்மொழித்தொகையாய் விரிவதே வழக்கு. பறவை வடிவினதாகிய ஊர்தி என்னும் பொருள் அங்கு எழாது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் கருவுற்ற தேவி விசயை தப்பிச் செல்வதற்குத் தச்சனைக் கொண்டு செய்வித்த கருவி 'மயிற்பொறி' என்றே வழங்கிவருவது இதனால் பொருத்தமுடையதாகிறது. திருத்தக்கதேவர் அதனை 'எந்திர ஊர்தி' எனப் பொதுப்பெயரால் சுட்டும்போது பறவைப்பெயரைச் சேர்க்கவில்லை. வலப்புறம் திருகினால் எழும். இடப்புறம் திருகினால் இறங்கும் என அதன் இயக்கத்தையும் அவர் கூறியுள்ளார். ஆகவே 'தொக்டுஜ்' என்பதற்கு 'வல்லூற்றுக்கலம்' என்பதே ஏற்ற பெயராகும். மரக்கலம், விண்கலம் என்னும் சொற்களோடு அது இனமாகவும் நிற்கும். பொருள் விளங்கும் பெயரைப் பொருளால் பெயர்த்தலும், விளங்காத பெயரை ஒலியால் பொருத்துதலும் கொள்ளத்தக்க நெறியாம்.

பெயரின் அமைப்பைப் போலவே அது தேர்ந்த பறவையும் நோக்கத்தக்கது. அப்புனைவுலகில் மனிதரின் முதன்மைக் கலத்துக்குப் பெயர் 'எண்டர்பிரைஸ்', அதாவது துணிந்து மேற்கொள்ளும் முயற்சி. அயலாரின் கலமோ இரைகொல் பறவை. கதை தொடங்கும் முன்பே பெயர் தீர்ப்பளித்துவிடுகிறது. சிந்தாமணியில் பறவை மயிலாயிற்று. அது தாக்குவதற்கன்று, ஓர் உயிரையும் அதன் வயிற்றிலிருந்த உயிரையும் காப்பதற்கு.

4. பகைவர் கலத்தில் வீடு திரும்புதல்

தமிழுலகம் நெடுங்காலமாக அறிந்த அயலார் பேரரசின் வானவூர்தி புட்பகமே. அது குபேரனுக்கு உரியது. இராவணன் கவர்ந்து இலங்கைக்குக் கொணர்ந்தான். போர் முடிந்தபின் வீடணன் அதனைக் கொணர, இராமன் சீதையோடும் இலக்குவனோடும் வானரரோடும் அதில் அயோத்திக்குத் திரும்பினான். பின் அது குபேரனிடமே அனுப்பப்பட்டது என்பது வான்மீகியின் கூற்று.

1984ஆம் ஆண்டுப் படத்தின் கதைமுடிவும் இத்தகையதே. தம் கலத்தை இழந்த கிர்க்கும் தோழர்களும் பகைவரின் வல்லூற்றுக்கலத்தைக் கைப்பற்றிச் செல்கின்றனர். 1986இல் வந்த அடுத்த படத்தில் அதிலேயே பூவுலகு திரும்புகின்றனர். இரு கதைகளுக்கும் தொடர்பு உண்டென்பது நம் கருத்தன்று. ஒப்புமை பெயரிடலில் முடிந்துவிடுகிறது என்பதே இங்கு வேண்டுவது. கிர்க்கின் தோழர்கள் கலத்தின் மீது 'பவுண்டி' என்னும் ஆங்கிலப் பாய்க்கப்பலின் பெயரை எழுதிவிட்டனர். நகைச்சுவைக்காகவே எனினும், பகைவரின் சொல் அங்கு அழிகிறது. இராமகதையிலோ இராவணனின் ஊர்தி பெயர் மாறுவதில்லை. அப்பெயர் பூவை அடியாகக் கொண்டது. பெயர் அரக்கர் இட்டதன்று என்பது உண்மையே. ஆயினும் பகைவரிடம் பல்லாண்டு இருந்ததால் அது மாசுற்றதாகக் கவிஞர் கருதவில்லை. களத்தில் கணவன் மாண்டானோ எனக் கலங்கிய சீதைக்கு, மங்கலம் இழந்தாரை இவ்விமானம் தாங்காது என்று திரிசடை கூறும் ஆறுதலை வான்மீகியும் கம்பனும் அமைத்துள்ளனர். பகைவர் கலமே அங்குச் சான்று கூறுகிறது.

பெயர் மாறவில்லை, ஒலி மாறியது. 'புஷ்பகம்' தமிழில் 'புட்பகம்' ஆயிற்று. சொல்லிடையில் வரும் ஷகரம் டகரமாகும் என்பது நன்னூலாரும் உடன்படும் வடசொல்லாக்க நெறி. பகைவரின் ஊர்தியைத் தமிழ் தன் டகரத்தால் தனதாக்கிக்கொண்டது.

5. புட்பகமும் புஷ்பக்கும்

இக்கட்டுரையாளர் வாழும் திருவனந்தபுரத்தின் தும்பாவில் 1963 நவம்பர் 21இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி விண்ணுக்குச் சென்றது. இங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய, மீண்டும் பயன்படுத்தத்தக்க சிறகுடை ஊர்தி 2024 மார்ச் 22இலும் ஜூன் 23இலும் கர்நாடகத்துச் சித்திரதுர்காவில் சோதிக்கப்பட்டது. சினூக் எலிகாப்டர் அதனை ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் உயரத்தில் விடுவிக்க, வலவன் எவரும் இன்றித் தானே ஓடுபாதையில் இறங்கியது. வலவன் செலுத்தாத வான ஊர்தி என்னும் கருத்தை, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 27ஆம் பாட்டிலேயே காண்கிறோம்.

இவ்வூர்திக்கு இட்ட பெயர் 'புஷ்பக்'. தமிழ்ச் செய்தித்தாள்களும் பெரும்பாலும் அவ்வாறே எழுதின. சிக்கல் கிரந்த எழுத்து பற்றியதன்று. 'புஷ்பகம்' என எழுதுவோரோடு நமக்கு வழக்கில்லை. மலையாளத்தில் 'புஷ்பகவிமானம்' என்பது இயல்பான வழக்கே. சிக்கல் இறுதியில் உள்ளது. வடமொழிச் சொல்லின் ஈற்று அகரத்தை விடுத்தல் இந்தி வழக்கு. அவ்வழக்கின்படி ககர மெய்யில் முடியும் வடிவத்தை, மொழியிறுதியில் வல்லின மெய்யை ஏற்காத தமிழுக்குள் அப்படியே கொணர்ந்தோம். நிறுவனம் இட்ட இயற்பெயரைத் திரிக்கலாகாது எனச் சிலர் கூறலாம். புட்பகமும் இயற்பெயரே என்பது அதற்கு விடை.

இதன் விளைவு எளியதன்று. கம்பனைப் பாடமாகக் கற்ற மாணவன் 'புஷ்பக்' என்பதைச் செய்தியில் காணும்போது, தான் அறிந்த புட்பகமே அது என உடனே உணர்வதில்லை. இலங்கையிலிருந்து வந்த கலம் நம் மொழிக்குள் வீடு திரும்பியது. நம் ஊரில் செய்த கலமோ நம் மொழியின் வாயிலில் அயலாராக நிற்கிறது.

6. முடிவுரை

கிளிங்கான் கலப்பெயர்களுள் பொருள் விளங்கும் தொகைகள் வெற்றி பெற்றன. மேற்கீற்றால் அயன்மை காட்ட முயன்றவை தோற்றன. தோற்றவற்றைக் காத்தது அம்மொழியின் இலக்கணமே. கற்பனையாய்ப் பிறந்து நாற்பதாண்டே ஆன ஒரு மொழி 'பிரெல்' என இகரம் பெய்து தன் அமைப்பைக் காத்துக்கொண்டது. ஈராயிரம் ஆண்டு இலக்கண மரபுடைய தமிழ் ஓர் அம்மீற்றைச் சேர்க்கத் தயங்கியது. கலைச்சொல்லாக்கக் குழுக்கள் புதுச்சொல் படைப்பதில் காட்டும் முனைப்பை, வந்த பெயர்களை ஏற்கும் முறையிலும் காட்டுதல் வேண்டும். இனி வரும் கலங்களின் பெயர்கள் செய்தித்தாளில் முதல் நாள் எந்த வடிவில் அச்சாகின்றனவோ அந்த வடிவிலேயே நிலைபெறும்.